ஒரே படம், மூணு சுவர்

போன எபிசோட்ல, ஃபோன் கேமரா பல படங்களை அடுக்கி ஒரே படமா மாத்துறது எப்படின்னு முக்கால் மணி நேரம் பேசினோம். முடிக்கிற நேரத்துல ஒரு நேயரோட கேள்வி வந்தது: "இதெல்லாம் சரி, எடுத்த படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு சுவர்ல மாட்டணும்னா எதுல போடுறது? கேன்வாஸா, அக்ரிலிக்கா, அலுமினியமா?" மடல்ல எழுதுறேன்னு சொல்லித் தப்பிச்சேன். உண்மையைச் சொன்னா, அந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே ரெண்டு தடவை தப்பான பதில் சொல்லி, ரெண்டு தடவையும் காசு கட்டியிருக்கேன்.

தென்காசியில எங்க பழைய வீட்டைப் போன வருஷம் வித்தாச்சு. சாவியைக் கொடுக்கிறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் முற்றத்துல நின்னு ஃபோன்ல ஒரு படம் எடுத்தேன். இடப்பக்கம் முற்றத்து வெயில். நடுவுல படியில அம்மா. வலது ஓரத்துல, இருட்டுக்குள்ள, ரெண்டாங்கட்டுக்குப் போற நிலை. அந்த நிலையிலதான் ஒவ்வொரு பொங்கலுக்கும் என்னையும் தங்கச்சியையும் நிக்க வெச்சு அப்பா பென்சிலால கோடு போடுவார். வாங்கினவங்க வீட்டை இடிச்சிட்டாங்க, நிலையும் போயிடுச்சு. அந்தக் கோடுகள் இப்போ இருக்கிற ஒரே இடம் இந்தப் படம்தான், அதுவும் நிழலுக்குள்ள.

மூணு பேருக்கும் இந்தப் படம் சுவர்ல வேணும். எனக்கு இங்கிலாந்துல வாடகை வீடு, தங்கச்சிக்கு சிங்கப்பூர்ல ஃபிளாட், அம்மாவுக்கு தென்காசியிலேயே புது அபார்ட்மென்ட். முதல்ல நான் மெட்டீரியலைத் தேர்ந்தெடுத்தேன், அப்புறமா சுவரைப் பார்த்தேன். செய்யவேண்டியது நேர்மாறு.

எனக்கு அக்ரிலிக் ஆர்டர் பண்ணினேன். பிரிண்ட்டை ஒரு தெளிவான அக்ரிலிக் தகட்டோட பின்பக்கம் காற்றுக்குமிழி இல்லாம ஒட்டி, அதுக்குப் பின்னாடி அலுமினியக் கூட்டுத் தகடு வெச்சுக் கொடுப்பாங்க. கேலரிகள்ல பார்க்கிற பிரம்மாண்டமான புகைப்படங்கள் நிறைய இந்த முறைதான். 2011-ல நியூயார்க் ஏலத்துல 43 லட்சம் டாலருக்கு மேல போன ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியோட 'ரைன் 2' கூட அக்ரிலிக் மேல ஒட்டின பிரிண்ட்தான். அந்த ஆழத்துக்கு ஆசைப்பட்டு என் ஒருநாள் ரேட்ல பாதியைக் கொடுத்தேன். பெட்டியைப் பிரிச்சதும் அசந்துட்டேன், பென்சில் கோடுகள் ஒவ்வொண்ணும் தெரிஞ்சது. ஹால்ல மாட்டிட்டு சோஃபால உட்கார்ந்து பார்த்தா, எதிர்ல இருக்கிற பெரிய ஜன்னல், அதுக்கு வெளியில பக்கத்து வீட்டுக்காரர் கார், நடுவுல மங்கலா அம்மா. ராத்திரி திரையை இழுத்து விட்டா மட்டும் வீடு திரும்பி வரும்.

இதுல இருக்கிற இயற்பியல் ரொம்ப எளிமையானது. எங்க வீட்டு ஆட்டுக்கல்லை நினைச்சுக்குங்க. காய்ஞ்சிருக்கும்போது சாம்பல் நிறம், தண்ணி ஊத்தினதும் கருகருன்னு ஆயிடும். கல் மாறலை. காய்ஞ்ச கல்லோட சொரசொரப்பு, மேல விழுற வெளிச்சத்தை எல்லாத் திசையிலயும் சிதறடிக்குது, அதுல கொஞ்சம் எப்பவுமே நம்ம கண்ணுக்கு வந்து கறுப்பு மேல சாம்பல் பூசின மாதிரி ஆக்கிடுது. தண்ணி அந்த மேடுபள்ளத்தை நிரப்பினதும் சிதறல் குறையுது, வெளிச்சம் கண்ணாடி மாதிரி ஒரே திசையில திரும்பிப் போயிடுது. மேட் காகிதம் காய்ஞ்ச கல், கிளாஸி பிரிண்ட் நனைஞ்ச கல். நல்ல மேட் காகிதத்துல கறுப்புன்னு அச்சடிச்ச இடம்கூட மேல விழுற ஒளியில ரெண்டு, ரெண்டரை சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நல்ல கிளாஸி பிரிண்ட்ல அது அரை சதவீதம் அளவுக்குக் குறையும். கேட்க சின்ன வித்தியாசம்தான். ஆனா நிழலுக்குள்ள இருக்கிற பென்சில் கோடு வாழ்றதும் சாகிறதும் அந்த ரெண்டு சதவீத இடைவெளியிலதான்.

இதுக்கு விலை என்னன்னா, அந்த "ஒரே திசை"யில என்ன இருக்கோ அது படத்து மேல வந்து உட்காரும். சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு பக்கத்துலயும் 4 சதவீதம், ரெண்டும் சேர்ந்து 8 சதவீதம் ஒளியைத் திருப்பும். அக்ரிலிக்கோட முன்பக்கமும் கிட்டத்தட்ட அதே 4 தான். வெளியில பகல் வெளிச்சம் இருக்கும்போது, ஜன்னலோட 4 சதவீதம் என் வீட்டு நிழலைவிடப் பல மடங்கு பிரகாசம். ஆக, நீங்க உட்காருற இடத்துலேர்ந்து பார்த்தா அந்தச் சுவர்ல எது பிரதிபலிக்கும்ங்கறதுதான் கிளாஸியா மேட்டாங்கறதை முடிவு பண்ணணும்.

இதைச் சோதிக்க எந்த ஆப்பும் வேண்டாம். ஃபோன் ஸ்க்ரீனை ஆஃப் பண்ணி, படம் வரவேண்டிய இடத்துல சுவரோட ஒட்டி வீட்ல யாரையாவது பிடிக்கச் சொல்லுங்க. நீங்க வழக்கமா உட்காருற இடத்துல உட்காருங்க. கறுப்பு ஸ்க்ரீன்ல ஜன்னலோ ட்யூப்லைட்டோ தெரிஞ்சா, அக்ரிலிக்லயும் அது தெரியும். காலையில ஒரு தடவை, விளக்குப் போட்டதுக்கப்புறம் ஒரு தடவை. மொத்தம் ரெண்டு நிமிஷ வேலை. நான் இதைப் பண்ணாததுக்குத்தான் அரைநாள் சம்பளம்.

அந்த அக்ரிலிக்கைத் தூக்கிப் போடலை. மாடிப்படி திரும்புற இடத்துல ஜன்னலே இல்லாத ஒரு சுவர் இருக்கு. அங்க மாட்டி, மேலேர்ந்து சாய்வா விழுற மாதிரி ஒரு சின்ன விளக்கு வெச்சேன். வெளிச்சம் பிரதிபலிச்சு தரைக்குப் போயிடுது, கண்ணுக்கு வர்றது படம் மட்டும்தான். இன்னைக்கு வீட்லயே நல்லா இருக்கிற பொருள் அதுதான். ஹால் சுவர் இன்னும் காலியாத்தான் கிடக்கு.

அம்மாவோட கேன்வாஸ் கதை இதைவிட மோசம். லேசா இருக்கும், கண்ணாடி இல்லை, உடையாது, பிரதிபலிப்பு இல்லைன்னு எல்லாக் கணக்கும் போட்டு, ஊர்ல டெலிவரி பண்ற ஒரு ஆன்லைன் கடையில 60க்கு 45 செ.மீ. கேன்வாஸ் ஆர்டர் பண்ணினேன். கேன்வாஸ் பிரிண்ட்ங்கறது பருத்தி அல்லது பாலியெஸ்டர் கலந்த துணியில இங்க்ஜெட்ல அடிச்சு, மரச்சட்டத்து மேல இழுத்துக் கட்டுறது. சட்டம் கிட்டத்தட்ட 4 செ.மீ. தடிமன்னா, படத்தோட நாலு ஓரமும் அந்த அளவுக்கு மடிஞ்சு பக்கவாட்டுக்குப் போயிடும். "ஓரம் எப்படி வேணும்?"னு கடை கேட்டிருந்தது. நான் படிக்காம அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன். நிலை இருந்தது வலது ஓரத்துல. பென்சில் கோடுகள் மொத்தமும் மடிஞ்சு சட்டத்தோட பக்கவாட்டுக்குப் போயிடுச்சு. பக்கத்துல வந்து தலையைச் சாய்ச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

அம்மா ஒண்ணும் சொல்லலை. "நல்லாருக்குல, நான்தான் கொஞ்சம் கறுத்துத் தெரியுதேன்" அப்படின்னா. அப்புறம் ஜூன்ல சாரல் ஆரம்பிச்சது. ஈரக்காத்துல துணி தளர்ந்து நடுவுல தொய்ஞ்சது. வெள்ளிக்கிழமை வீடு துடைக்கிறப்போ அம்மா அதையும் ஈரத்துணியால துடைச்சிருக்கா. மேல வார்னிஷ் பூச்சு இல்லாத கேன்வாஸ் அது. ரெண்டு மாசத்துல அம்மாவோட சேலை முந்தானை வெளுத்துப் போச்சு.

கேன்வாஸே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. துணியோட நெசவு படத்தோட குறைகளை மறைக்கும், அதனால குறைஞ்ச ரெசல்யூஷன் படம், பழைய ஸ்கேன், இயற்கைக் காட்சி, கல்யாணத்துல ரெண்டு பேர் நிக்கிற படம் இதுக்கெல்லாம் ரொம்பப் பொருத்தம். ஆனா குறையை மறைக்கிற அதே நெசவு நுணுக்கத்தையும் மறைக்கும். வாங்கினா வார்னிஷ் பூசினதா கேளுங்க, சட்டத்தோட மூலையில இறுக்குறதுக்கு மர ஆப்பு கொடுக்கிறாங்களான்னு கேளுங்க. ஓரத்துல முக்கியமான விஷயம் இருந்தா, ஓரத்தைக் கண்ணாடி பிம்பம் மாதிரித் திருப்பிப் போடச் சொல்லலாம், இல்ல ஒரே நிறத்துல விடச் சொல்லலாம். படம் முழுசா முன்பக்கத்துலயே நிக்கும்.

தங்கச்சி கதையில பிரச்சனை மெட்டீரியல் இல்லை, ஃபைல். சோஃபாவுக்கு மேல 60 அங்குல அகலத்துல வேணும்னு ஒரு கடையோட சைட்ல படத்தை அப்லோட் பண்ணிட்டு எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினா. நல்லவேளை, காசு கட்டுறதுக்கு முன்னாடி. அவ போட்டிருந்தது குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல நான் அனுப்பின காப்பி, 1600க்கு 1200 பிக்சல். என் ஃபோன்ல இருக்கிற ஒரிஜினல் 4032க்கு 3024. வாட்ஸ்அப்ல அனுப்புறதா இருந்தா டாகுமெண்ட்டா அனுப்புங்க, இல்ல கிளவுட் லிங்க் கொடுங்க. பிரிண்ட் விஷயத்துல நான் பார்த்த தவறுகள்ல பாதி இதுதான்.

பிக்சல் எவ்வளவு வேணும்ங்கறதுக்கு எல்லாரும் 300 பிபிஐன்னு மந்திரம் மாதிரி சொல்வாங்க. அது கையில வெச்சுப் பார்க்கிற ஆல்பத்துக்கான கணக்கு. நல்ல கண் ஒரு பாகையில அறுபதுல ஒரு பங்கு வரைக்கும் பிரிச்சுப் பார்க்கும்னு எடுத்துக்கிட்டா, 3438-ஐ நீங்க நிக்கிற தூரத்தால, அங்குலத்துல, வகுத்தாப் போதும். ஒரு அடி தூரத்துக்கு 286 வரும், அதுதான் அந்த 300. ஒரு மீட்டருக்கு 87. ரெண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தா வெறும் 35. ஒரிஜினல் ஃபைலை 60 அங்குலத்துக்கு விரிச்சா 67 கிடைக்குது, தாராளம். வாட்ஸ்அப் காப்பியில 27, சோஃபாலேர்ந்தே மசமசன்னு தெரிஞ்சிருக்கும்.

"அண்ணே, ஏஐ வெச்சுப் பெருசாக்கிட்டா?" அப்படின்னா. வேலை பார்க்கிற ஆளாச்சேன்னு நானும் ஒரு அப்ஸ்கேலர்ல ஓட்டிப் பார்த்தேன். அம்மா முகத்தை அழகா தீட்டிக் கொடுத்தது. நிலைக்கு வந்ததும், பென்சில் கோடுகளை மரத்தோட ரேகைன்னு முடிவு பண்ணி மேலேர்ந்து கீழ நீளமா இழுத்து விட்டுடுச்சு. இல்லாத மரம் ஒண்ணு ரொம்பத் தெளிவாத் தெரிஞ்சது. புல்வெளி, வானம், கடல்னா தைரியமா பண்ணலாம். எழுத்து, கையெழுத்து, முகம், இந்த மாதிரிக் கோடு இருக்கிற படத்துல வேண்டாம்.

அவளுக்குக் கடைசியில, பிரிண்ட்டை அலுமினியக் கூட்டுத் தகடுல ஒட்டி மேல மேட் லாமினேஷன் போட்டு வாங்கினோம். ரெண்டு பக்கமும் 0.3 மி.மீ. அலுமினியம், நடுவுல பாலிஎத்திலீன், மொத்தம் 3 மி.மீ. மரம் மாதிரி ஈரத்துல வளையாது. அவ பையன் சாக்லேட் கையோட தொட்டாலும் துடைச்சுக்கலாம். மேட் லாமினேஷன்ல கோடுகள் போயிடும்னு சொன்னேன். "எனக்கு அம்மா முகம் தெரிஞ்சாப் போதும்ணே"ன்னுட்டா. அவ சுவர், அவ முடிவு.

கண்ணாடி போட்ட பாரம்பரிய ஃப்ரேம் பத்தியும் சொல்லணும், ஏன்னா படம் நீண்ட நாள் இருக்கணும்னா இன்னும் அதுதான் என்னோட முதல் சிபாரிசு. பருத்திக் காகிதத்துல பிக்மெண்ட் மையால அடிக்கிறதைத்தான் கடைகள்ல 'ஜிக்லே'ன்னு விப்பாங்க. தெளிக்கிறதுங்கற பிரெஞ்சு வார்த்தையிலேர்ந்து 1991-ல ஒரு அச்சுக்கலைஞர் உருவாக்கின பேர். 'இங்க்ஜெட்'னு சொன்னா யாரும் கலைன்னு நம்ப மாட்டாங்கன்னுதான். பேர்ல மயங்காம மூணு விஷயம் கேளுங்க: பிக்மெண்ட் மையா சாய மையா, காகிதம் அமிலமில்லாததா, வெளுப்பூட்டி கலந்ததா. வெளுப்பூட்டின்னா நம்ம வெள்ளை வேட்டிக்கு சோப்புத்தூள்ல போடுற சமாச்சாரம்தான். புற ஊதா ஒளியை வாங்கி நீலமா விட்டு, காகிதத்தைப் பளீர்னு காட்டும். வருஷங்கள்ல அதோட சக்தி குறைஞ்சு காகிதம் பழுப்பாத் தெரிய ஆரம்பிக்கும். 1584-லேர்ந்து காகிதம் பண்ற ஹானமூலே மாதிரி ஆலைகள் ரெண்டு வகையும் விக்கிறாங்க, அதனால பிராண்ட் பேர் மட்டும் போதாது. மேட்டோட நிதானமும் கறுப்போட ஆழமும் சேர்ந்து வேணும்னா பரைட்டா காகிதம் கேளுங்க. பேரியம் சல்ஃபேட் அடுக்கு கொண்டது, பழைய கறுப்பு வெள்ளை ஸ்டுடியோப் படங்களோட மினுமினுப்பு அதுல வரும்.

கண்ணாடி போடும்போது படம் கண்ணாடியைத் தொடவே கூடாது. ஊர்ல தாத்தா படத்தை ஃப்ரேம்லேர்ந்து எடுக்கப் போய், அது கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு வர்றதைப் பலபேர் பார்த்திருப்பீங்க. ஈரம் பட்டு ஜெலட்டின் கண்ணாடியில ஒட்டிக்கும். சுத்தி ஒரு அட்டைச் சட்டம் வெச்சா நடுவுல காத்து இருக்கும். ஏற்கெனவே ஒட்டியிருந்தா பிய்க்காதீங்க, கண்ணாடியோடயே ஸ்கேன் பண்ணுங்க. எதிரொளி குறைக்கும் பூச்சு உள்ள கண்ணாடி கிடைக்குது, 8 சதவீதத்தை ஒண்ணுக்கும் கீழ கொண்டு வரும். விலைதான் கண்ணைக் கட்டும். என் ஹால் சுவருக்கு அதுக்காகத்தான் காசு சேர்க்கிறேன்.

பிரிண்ட் வந்ததும் "இருட்டா இருக்கே"ன்னு எல்லாரும் சொல்றதுக்குக் காரணம் பெரும்பாலும் பிரிண்டர் இல்லை, உங்க லேப்டாப். ஸ்க்ரீன் வெளிச்சத்தை முழுசா வெச்சுத் திருத்தினா படம் பிரகாசமாத் தெரியும், காகிதத்துக்கு அந்த விளக்கு கிடையாது. வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழ இறக்கி, பக்கத்துல ஒரு வெள்ளைத் தாளை வெச்சு ரெண்டும் ஒரே மாதிரித் தெரியிற அளவுக்குக் கொண்டு வந்துட்டு அப்புறமா நிழல்களை ஏத்துங்க. ஐஃபோன்காரங்களுக்கு இன்னொண்ணு: 7-லேர்ந்து படங்கள் டிஸ்ப்ளே பி3 வண்ணவெளியில சேமிக்கப்படுது. கடை புரொஃபைலைக் கண்டுக்காம எஸ்ஆர்ஜிபின்னு எடுத்துக்கிட்டா சிவப்புத் தரை சாயம் போன மாதிரி வரும். அனுப்புறதுக்கு முன்னாடி நீங்களே எஸ்ஆர்ஜிபிக்கு மாத்திடுங்க. அப்புறம், ஸ்டேஜிங்ல ஓட்டாம யாராவது புரொடக்ஷனுக்குத் தள்ளுவாங்களா? பெரிய படத்துல முக்கியமான ஒரு துண்டை மட்டும் வெட்டி, அதே அளவு விகிதத்துல, அதே மெட்டீரியல்ல ஏ4 சைஸ்ல முதல்ல வாங்குங்க. சுவர்ல டேப் போட்டு ரெண்டு நாள் விட்டுப் பாருங்க.

வாடகை வீட்டுக்காரங்களுக்கு எடை முக்கியம். என் 80க்கு 60 செ.மீ. அக்ரிலிக், பின்தகடோட சேர்த்து நாலு கிலோவுக்கு மேல. ஒட்டுப்பட்டியை நம்பிப் புதுசாப் பெயின்ட் அடிச்ச சுவர்ல மாட்டினீங்கன்னா, பட்டி பிடிச்சிருக்கும், பெயின்ட் உரிஞ்சு வந்துடும். வீட்டுக்காரர்கிட்ட கேட்டு ரெண்டு திருகாணி போடுறது மேல். படத்தோட நடு, தரையிலேர்ந்து 145 செ.மீ. உயரம்னு வெச்சுக்குங்க, அருங்காட்சியகங்கள்ல வழக்கமான கணக்கு அதுதான்.

அம்மாவுக்கு ரெண்டாவது தடவை அலுமினியம். இது தகடுல ஒட்டினது இல்லை, தகடுக்குள்ளயே போனது. சாயத்தை முதல்ல ஒரு மாற்றுத்தாள்ல அடிச்சு, பாலியெஸ்டர் பூசின அலுமினியத்தோட சேர்த்து 200 டிகிரி அளவு சூட்டுல அழுத்துவாங்க. சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள்ள போய் உட்காரும். ஈரத்துணி படலாம், கரையான் அரிக்காது, கண்ணாடி வேண்டாம். நேர் வெயில் மட்டும் ஆகாது, மூலையில இடிச்சா மடங்கும். ஒரு எச்சரிக்கை: இந்த முறையில வெள்ளை மை கிடையாது, வெள்ளையைக் கொடுக்கிறது அடியில இருக்கிற பூச்சுதான். உலோகம் தெரியிற வகையை எடுத்தா, அம்மாவோட நரைமுடி தகரம் மாதிரி மின்னும். வெள்ளைப் பூச்சு உள்ளதைக் கேளுங்க. கண்புரை ஆபரேஷனுக்கப்புறம் அம்மாவுக்குப் பளபளப்பு கூசும், அதனால அரைப் பளபளப்பு. போன தடவை பட்ட பாட்டுல, வீடியோ கால்ல அம்மாவை ஃபோனோட வீடு முழுக்க நடக்க வெச்சு, ட்யூப்லைட் விழாத சுவரைத் தேடிக் கண்டுபிடிச்சேன். நிலை ஓரத்துக்குப் போகாம இருக்க இடப்பக்கம் கொஞ்சம் வெட்டினேன், நிழலை ஒரு படி ஏத்தினேன்.

படம் போன மாசம் போய்ச் சேர்ந்தது. நான் பார்த்து வெச்ச சுவர்ல அம்மா மாட்டலை. அடுப்படியிலேர்ந்து நிமிர்ந்தா தெரியிற மாதிரி எதிர்ச் சுவர்ல மாட்டிட்டா. வெள்ளிக்கிழமை ஈரத்துணியும் போட்டாச்சாம். அன்னைக்குச் சாயங்காலம் ஃபோன் பண்ணினா.

"ஏல, மூணாவது கோடு உன்னோடதுன்னு சொல்லிட்டுத் திரியிறியே, அது உன் தங்கச்சியோடது. அந்த வருஷம் நீ நிக்கமாட்டேன்னு மாடிக்கு ஓடிட்ட. கோடு பக்கத்துல உங்கப்பா எழுதியிருக்காரு, பாரு."

மாடிப்படிக்குப் போய் அக்ரிலிக்ல மூக்கு இடிக்கிற மாதிரி நின்னு பார்த்தேன். எழுதியிருந்தது.